மகத்துக்குக் கிழக்கே ஒரு கோடு

கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நாற்பத்தைந்து வயது. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அறுபத்தெட்டு. மலை மேல் இருந்த தொலைநோக்கி நிலையத்தில் இதை வைத்துக் கேலி செய்யாதவர்கள் குறைவு. எத்திராசு பஸ்ஸை விட்டு இறங்குவதைக் கண்டதும் டீக்கடை காதர் குரல் கொடுப்பார்.

"சீடப்பிள்ளை வந்தாச்சு. குருவம்மாவுக்கும் சேர்த்து ஒரு டீ போடவா?"

"போடு. சர்க்கரை கம்மியா."

எத்திராசு சிரிக்க மாட்டார். சிரிக்கக் கூடாது என்றில்லை. அவருக்கு அலுப்பாக இருக்கும்.

அந்த நிலையத்தில் அவர் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அப்போதெல்லாம் வானத்தைக் கண்ணாடித் தட்டில்தான் படம் பிடிப்பார்கள். தட்டைத் தொலைநோக்கியில் மாட்டுவது, ஒரு மணி நேரம் வெளிச்சம் வாங்கியதும் எடுத்துக் கழுவுவது, காயவைத்து உறையில் போட்டு எண் எழுதுவது, எல்லாம் அவர் கை வேலை. எட்டாவது வரை படித்தவருக்கு அது பெரிய வேலைதான். அதைக் குறைவாக நினைத்தவர்கள் யாரும் ஒரு தட்டைக்கூடக் கீறாமல் கழுவியவர்கள் இல்லை.

பூங்கோதை கணக்குப் பிரிவில் அதிகாரி. சூரியனைச் சுற்றிவரும் சின்னச் சின்னக் கற்கள், அவற்றில் பூமிக்குப் பக்கமாக வந்துபோகிறவை, எது எந்தப் பாதையில் போகிறது, எப்போது திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு மதியம், எத்திராசு அவள் அறை வாசலில் போய் நின்றார்.

"அம்மா, ஒரு கல்லு இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு தேதியில எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும். எந்தக் கல்லு?"

"பாண்டியன் கல்லு."

பூங்கோதை பேனாவை மூடி வைத்தாள். கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும் ஒரு கல் அது. அதற்கு உலகம் கொடுத்தது ஒரு நம்பர். மலையில் எல்லாருக்கும் அது பாண்டியன் கல். கண்டுபிடித்தவர் அந்த நாளில் நிலையத்துக்குத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன்.

"என்ன தேதி, எந்த இடம்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல போட்டா ரெண்டு நிமிஷம்."

தேதியையும் இடத்தையும் சொன்னார். "ஆனா கம்ப்யூட்டர் வேணாம். அது ஆபீசோடது. ஆபீசு அவரு பக்கம். என் கையால போடணும். சொல்லிக்குடுங்க."

"நானும் சார்கிட்ட வேலை கத்துக்கிட்டவதான். தெரியும்ல?"

"தெரியும். வேற யாருக்கும் இந்தக் கணக்கு வரலையே, என்ன பண்றது?"

அவள் சிரித்துவிட்டாள்.

"என்ன படிச்சிருக்கீங்க அண்ணே?"

"எட்டாவது. கணக்குல நாப்பத்தொண்ணு."

"நூத்துக்கா?"

"பின்ன, அம்பதுக்கா?"

"சரி, தினம் ரெண்டு மணிக்கு வாங்க. ஒண்ணே ஒண்ணு. இந்த ரூமுக்குள்ள சார் பேரைச் சொல்லக் கூடாது. கல்லைப் பத்தி மட்டும்தான் பேச்சு."

"அவரு பேரைச் சொல்லாம எப்படிம்மா? அதுக்காகத்தானே வந்தேன்?"

"அதனாலதான் சொல்றேன்."

நடந்தது இதுதான். இருபத்தொன்பது வருடத்துக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், கழுவிக் காயவைத்த தட்டு ஒன்றை வெளிச்சப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தார் எத்திராசு. நட்சத்திரங்கள் கருப்புப் புள்ளிகளாகக் கிடந்தன. மகம் நட்சத்திரத்துக்குக் கிழக்கே மட்டும் ஒரு சின்னக் கோடு. நட்சத்திரம் தட்டில் புள்ளியாக விழும். நகர்கிற பொருள்தான் கோடாக விழும். பூமிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கல் ஓடியிருக்கிறது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாண்டியன் சார் கேன்டீனில் நாலைந்து பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

"எத்திராசு, முதல்ல நகத்தை வெட்டுப்பா. தட்டெல்லாம் கீறலா இருக்கு."

இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு 'நகம்' என்று பேர் விழுந்தது. ஓய்வு பெறுகிற நாளில்கூட, மாலை போட வந்த ஒருத்தன் பின்னாலிருந்து அதைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

எத்திராசு அன்றைக்கே பதிவேட்டை எடுத்து, அந்தத் தட்டின் எண்ணுக்கு நேரே 'உடைந்தது' என்று எழுதினார். தட்டைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எட்டாம் நாள் பாண்டியன் சாருக்கு ஒரு கல் கிடைத்தது. எங்கே? மகத்துக்குக் கிழக்கே. அதே இடம். பேப்பரில் போட்டோ வந்தது, வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது, ஊர் கூடி மாலை போட்டது.

இன்னும் நாலு நாள் கழித்து பாண்டியன் சார் வீடு தேடி வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்கு ஒரு தட்டு காட்டினியே எத்திராசு, அதை இன்னொரு தடவை பாக்கலாமா?"

"உடைஞ்சுபோச்சு சார்."

தட்டு உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தது. இருக்கிற ஒரே சாட்சியையும் அழிக்க வந்திருக்கிறான் மனுஷன் என்று எத்திராசுக்கு ரத்தம் கொதித்தது.

அதற்கப்புறம் பதினோரு வருடம் அவருக்குக் கீழேயே வேலை பார்த்தார். முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நிலையமே வேன் பிடித்துப் போனபோது, இவர் மட்டும் வீட்டில் படுத்துக்கிடந்தார். "நீங்க சாப்பிட உக்காந்தா அந்தாளும் கூடவே இலை போட்டு உக்காருறாரு. எனக்குத்தான் இந்த வீட்ல இடம் இல்ல" என்று இவர் மனைவி சரோசா சொல்லிக்கொண்டே இருப்பாள். சரோசா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தாள் மட்டும் இன்னும் எழுந்து போகவில்லை.

உண்மையைச் சொன்னால், எத்திராசுக்கு இப்போது கோபம்கூட வேலைக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. காலையில் எழ வேண்டும், அதை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். ஓய்வு கொடுப்பவர் யாரும் இல்லை.

இப்போது அந்தக் கல் திரும்பி வருகிறது. வெள்ளிக்கிழமை நிலையத்தில் கூட்டம். எழுபத்தெட்டு வயது பாண்டியன் சாரை மதுரையிலிருந்து காரில் அழைத்து வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, தட்டை ஒரு கையிலும் கணக்கை ஒரு கையிலும் பிடித்து, "இது நான் பார்த்த கல்லு" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஐந்து மாதம், தினம் ரெண்டு பஸ் மாறி, முட்டி வலியோடு மலையேறினார்.

கணக்கு லேசில் பிடிபடவில்லை.

"ஒரு கல்லோட பாதைக்கு ஆறு எண் போதும் அண்ணே. எவ்வளவு பெரிய சுத்து, எவ்வளவு நீண்ட சுத்து, எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, இப்படி ஆறு. அது தெரிஞ்சா போன வருஷமும் தெரியும், வரப்போற வருஷமும் தெரியும்."

"மனுஷன் ஜாதகத்துக்கே பன்னெண்டு கட்டம் வேணும். அதுவும் பலிக்க மாட்டேங்குது. இதுக்கு ஆறு எண்ணா?"

"கல்லுக்கு ஆசாபாசம் இல்ல. அதனால ஆறே போதும்."

கால்குலேட்டரில் தட்டித் தட்டி அவர் விரல் மரத்துப்போகும். ஒரு இலக்கம் தவறினால் கல் சூரியனுக்குள் போய் விழும். "என்ன அண்ணே, இன்னைக்கும் எரிச்சிட்டீங்களா?" என்பாள் பூங்கோதை. மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டார்.

"இது எதுக்கும்மா இப்படிச் சுத்திக்கிட்டே கிடக்கு? அலுக்காதா அதுக்கு?"

"நிப்பாட்ட யாரும் இல்லையே."

அவர் அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு வரவேண்டியவர் ஒரு மணிக்கே வந்தார். காதர் கூப்பிட்டது காதில் விழவில்லை. அக்குளில் துண்டில் சுற்றிய தட்டு. கையில் மூன்று நாற்பது பக்க நோட்டு.

"கணக்குத் தப்பா வருதும்மா."

"எங்க?"

"மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அன்னைக்கு அந்தக் கல்லு அங்க இல்ல. ரெண்டு தட்டு தள்ளி, மேற்க நிக்குது."

பூங்கோதை நோட்டுகளை வாங்கினாள். ஒரு மணி நேரம் வரி வரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக். எத்திராசு அந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எங்காவது தப்புக்கு ஒரு சுழி விழாதா என்று காத்திருந்தார். விழவில்லை.

"தப்பு இல்ல அண்ணே. நாப்பத்தொண்ணு வாங்கினவர் மாதிரியே தெரியல."

"அப்ப?"

"கல்லு அங்கதான் நின்னிருக்கு. ரெண்டு தட்டு தள்ளி, மேற்க."

"சொல்லிக்குடுத்ததுலயே கோளாறு. நீங்களும் அவரு ஆளுதானே? தெரிஞ்சுதானே வந்தேன், என்னைச் சொல்லணும்."

"பேரைச் சொல்லல. அதனால விட்டுடுறேன்." அவள் குரல் உயரவில்லை. "தட்டைக் குடுங்க."

கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இருபத்தொன்பது வருடமாக அந்தத் தட்டை இன்னொருவர் தொட்டதில்லை. அவரே பிரித்தார். அவரே வெளிச்சப் பெட்டி மேல் வைத்தார்.

"கோடு எவ்வளவு நீளம்?"

"ஆறு மில்லிமீட்டர்." அளக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"வெளிச்சம் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி."

"அப்ப ஒரு மணிக்கு ஆறு. மறுநாள் இதே நேரத்துக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"நூத்து நாப்பத்து நாலு."

"தட்டோட அகலம்?"

"இருநூறு."

"எட்டாம் நாள்?"

எத்திராசு கால்குலேட்டரைத் தொடவில்லை. ரெண்டாம் நாளே அது தட்டை விட்டு வெளியே போயிருக்கும். எட்டாம் நாள் ஐந்து, ஆறு தட்டு தாண்டியிருக்கும். அதே இடம், அதே இடம் என்று அவர் சுவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு வேகமாக ஓடுகிற கல் எட்டு நாள் கழித்தும் அதே இடத்தில் எப்படி நிற்கும்? பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூடக் கேட்டிருப்பான். முப்பத்திரண்டு வருடம் தட்டுக் கழுவியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப அவரு என் கல்லை எடுக்கல."

"எடுக்கல."

"நான் பாத்தது?" அவர் குரல் இறங்கியது. "அது நெசமாவே கீறலா?"

அவள் பெரிதாக்கும் கண்ணாடியை அவரிடமே நீட்டினாள். "என்னை எதுக்குக் கேக்குறீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

குனிந்து பார்த்தார். கீறல் என்றால் பூச்சு உரிந்து அடிக்கண்ணாடி பளிச்சென்று தெரியும். இது கருப்பாக, பொடிப்பொடி மணியாக, பூச்சுக்கு உள்ளே இருந்தது. வெளிச்சம் பட்டு விழுந்த கோடு. நகம் பட்டது இல்லை.

"கல்லுதான்."

"கல்லுதான். உங்களைத் தவிர இன்னைக்கு வரைக்கும் யாரும் பாக்காத கல்லு."

எத்திராசு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. பழக்கமில்லாத இடம் போலிருக்கிறது, தங்காமல் போய்விட்டது.

"அது இப்ப எங்கம்மா இருக்கு?"

பூங்கோதை ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். பென்சிலை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தப் புள்ளி வழியாப் போற மாதிரி ஒரு வட்டம் போடுங்க."

போட்டார்.

"இன்னொண்ணு."

கொஞ்சம் பெரிதாக ஒன்று போட்டார்.

"இன்னொண்ணு."

சின்னதாக, பெரிதாக, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஏழெட்டு வட்டம் போட்டார். எல்லாம் அந்தப் புள்ளி வழியாகப் போயின. தாளில் இடம் இருந்தது. கைதான் ஓய்ந்தது.

"இதுல எது உங்க கல்லு?"

"எதுவா வேணாலும் இருக்கலாம்."

"மூணு ராத்திரி படம் பிடிச்சு மூணு புள்ளி குடுத்திருந்தா?"

"ஒரு வட்டம்தான் வரும்." சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இந்தக் கோட்டைப் பாத்த மறுநாள் ராத்திரி டியூட்டி யாரு?"

"நான்தான்."

"அதுக்கு மறுநாள்?"

"அந்த வாரம் முழுக்க நான்தான். அந்தக் கோபத்துல லீவு போட்டுட்டேன்."

"எத்தனை நாள்?"

"ஒன்பது."

பஸ் ஒன்று மலை இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அது அவர் வழக்கமாகப் போகிற பஸ். அவர் எழுந்திருக்கவில்லை.

"இந்தக் கணக்கோட முடிவு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்த அன்னைக்கே. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு."

"அஞ்சு மாசம்மா! தினம் ரெண்டு பஸ்ஸு. இந்த முட்டியோட. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"உங்க கோபத்துக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார். நானும் சேர்ந்து ரெண்டு பேராயிருப்போம். இந்த வயசுல ரெண்டு பேரைத் தூக்கிக்கிட்டு மலையேற முடியுமா உங்களால?"

எத்திராசு தட்டை மறுபடி துண்டில் சுற்றினார். ஒரு சுற்று, ரெண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அவர் கை நின்றது. முதுகு நிமிர்ந்தது. ஐந்து மாதமாகப் பூங்கோதை பார்த்துப் பழகிய முகம் திரும்பி வந்தது.

"சரிம்மா. அவரு என் கல்லைத் திருடல, ஒத்துக்கறேன். ஆனா கீறல்னு சொன்னது அவருதானே? நாலு பேரை என்னைப் பாத்துச் சிரிக்க வெச்சாரே, அது யாரு? ஒழுங்கா ஒரு நிமிஷம் பாத்திருந்தா இன்னைக்கு இந்தக் கல்லு தொலைஞ்சிருக்காது. நாளைக்கு எழுந்து நின்னு இதைக் கேக்கப்போறேன். இது உண்மைதானே?"

"உண்மைதான்."

"கேக்கலாம்தானே?"

"தாராளமாக் கேளுங்க. சார் ஒத்துக்குவார். இல்லைன்னு சொல்ற ஆள் இல்ல அவர்." பூங்கோதை மூன்று நோட்டையும் அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒத்துக்கிட்டு, அவரும் உங்களை ஒண்ணு கேட்பார்."

"என்னை என்ன கேக்க இருக்கு?"

"மறுநாள் ராத்திரி வானம் எப்படி இருந்துச்சுன்னு கேட்பார்."

எத்திராசுக்கு அது தெரியும். வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, மல்லாந்து படுத்து, ஒன்பது ராத்திரியும் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தார்.